கண்ணிமையில் ஒரு சிவப்புத் தடிப்பு: ஒரு வயது வரை காத்திருக்கலாமா?

ஆற்றங்கரை_கல்லிடை:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். என் மகளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு இன்று 39 நாள் ஆகிறது. நிறைமாதத்தில் பிறந்தும் எடை 2.1 கிலோதான் இருந்தது. பத்தாம் நாள் வலது மேலிமையில் கொசு கடித்தது போல ஒரு வெளிறிய புள்ளி தெரிந்தது. இருபதாம் நாளில் அது குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவந்தது. இப்போது கோவைப்பழ நிறத்தில் தடித்து நிற்கிறது. குழந்தை விழிக்கும்போது அந்த இமை பாதிதான் திறக்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர், இது தானாக மறைந்துவிடும் வகை என்றும் ஒரு வயதுக்குப் பிறகு வந்தால் போதும் என்றும் சொன்னார். மனம் கேளாமல் வேறொருவரிடம் காட்டியபோது, அவர் புரோப்ரனலால் என்ற மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்கிறார். என் மனைவி படபடப்புக்காகப் பல ஆண்டுகளாக விழுங்கிவரும் மாத்திரையின் அட்டையிலும் அதே பெயர்தான் இருக்கிறது. மூன்று கிலோ எடைகூட இல்லாத பிள்ளைக்கு இருதய மாத்திரையா என்று வீட்டில் எல்லோரும் திகைத்துப் போயிருக்கிறோம். சம்பந்தி வீட்டிலோ, மகள் கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்ததுதான் காரணம் என்று பேச்சு நடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பாளை_செவிலி:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது ஹெமாஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய்க் கட்டி போலத் தெரிகிறது. இமை பாதிதான் திறக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே போதும், இது காத்திருக்கும் வகை அல்ல என்று சொல்ல. பிறந்த முதல் மாதங்களில்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண் மறைக்கப்பட்டாலோ, இமையின் பாரம் கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றினாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். ஐந்து வயதில் கட்டி வற்றிவிடலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை தானாகத் திரும்பி வராது. நாளைக்கே குழந்தை மருத்துவரையும் கண் மருத்துவரையும் ஒரே நாளில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகத்தானே வேண்டும் என்று அதுவரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ‘தானாகப் போய்விடும், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள்’ என்று எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லி நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ஸ்டீராய்டு மட்டுமே. மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் உப்பும், வளர்ச்சி நிற்கும், சிறு சளியும் பெரிய காய்ச்சலாகும். அந்தப் பக்கவிளைவுகளோடு ஒப்பிட்டால் காத்திருப்பதே நல்லது என்ற அறிவுரை அப்போது சரியாகத்தான் இருந்தது. மருந்து மாறிவிட்டது, பல இடங்களில் அறிவுரை மட்டும் மாறாமல் நிற்கிறது.

முதுகிலோ கையிலோ சிறிதாக இருந்தால் இன்றும் காத்திருக்கலாம். இமை, மூக்கு நுனி, உதடு, மூத்திரத்துணி படும் இடம் ஆகியவற்றில் இருந்தால் காத்திருக்கக் கூடாது. தாடி முளைக்கும் இடத்தில் பரவி, மூச்சில் கரகரப்பும் கேட்டால் மூச்சுக்குழலைப் பார்க்க வேண்டும். உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ எண்ணினால் கல்லீரலுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நாங்குநேரி_ஏரிக்கரை:

எல்லோரும் அவசரப்படுத்துவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிகிறேன். என் தங்கை மகனுக்கு உச்சந்தலையில் நாவல்பழம் போல ஒன்று இருந்தது. எந்த மருந்தும் தரவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது அது இருந்த இடமே தெரியவில்லை. நம் ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் இப்படி நாலு கதை சொல்வாள், அவை அத்தனையும் பொய்யாக இருக்க முடியாது. நோயே இல்லாத இதயத்தின் துடிப்பைக் குறைக்கும் மருந்தை, தோலில் இருக்கும் ஒரு தடிப்புக்காக ஆறு மாதம் கொடுப்பது என்பது எந்த ஆய்வின் அடிப்படையில்? அந்த ஆய்வை நடத்தியது யார், அதற்குப் பணம் கொடுத்தது யார்?

தென்காசிச்_சாரல்:

நான் குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு மாணவன். ஏரிக்கரை அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். குழந்தைகளின் உடம்பில் சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும் எல்லாவற்றையும் ‘ஹெமாஞ்சியோமா’ என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 1982இல் பாஸ்டனில் ஜான் முல்லிக்கனும் ஜூலி குளோவாக்கியும் இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். உயிரணுக்கள் பெருகி வளர்வது கட்டி. பெருக்கம் இல்லாமல், இரத்தக்குழாய் போன்ற குழாய்கள் உருவானபோதே தவறாக அமைந்தது அமைப்புக் கோளாறு. கட்டி பிறந்த பிறகு தலைகாட்டும், வேகமாக வளரும், பிறகு வற்றும். அமைப்புக் கோளாறு பிறக்கும்போதே இருக்கும், பிள்ளையோடு சேர்ந்து வளரும், ஒருநாளும் வற்றாது. கல்லிடை அண்ணாச்சி பேத்திக்கு இருப்பது, அவர் சொல்லும் வரலாற்றின்படி, முதல் வகை. பெண் குழந்தைகளிடமும், எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்தவர்களிடமும் இது அதிகம். சுமார் 100 குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருவது. அதில் கிரகணத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைச் சம்பந்தி வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது காலம். பெற்றோர் வீட்டில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களை வாரவாரியாக அடுக்கி அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடையில் என்று அதில் தெரியவந்தது. மூன்று மாதம் முடியும்போது இறுதி அளவில் 80 விழுக்காட்டை அது எட்டிவிடுகிறது. அதனால்தான் ஆபத்தான இடத்தில் இருந்தால் ஒரு மாத வயதுக்குள் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வழிகாட்டியது. ஒரு வயதுக்குப் பிறகு வரச்சொல்வது வெள்ளம் வடிந்த பிறகு கரை கட்டுவதற்குச் சமம்.

இனி மருந்து. புரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் அதை இதயத்துக்காகவே உருவாக்கினார். அந்தப் பணிக்கு 1988இல் நோபல் பரிசும் பெற்றார். தோலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. பிரான்சில் போர்தோ நகரில் மூக்கில் கட்டியோடு இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்தைக் காப்பாற்றப் புரோப்ரனலால் தொடங்கினார்கள். மறுநாள் பார்த்தால், சுடர்ச் சிவப்பாக இருந்த கட்டி ஊதா நிறத்துக்கு மாறி மெத்தென்று ஆகியிருந்தது. மருத்துவர் லியோத்தே-லாப்ரேஸ் அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் மொத்தம் 11 குழந்தைகளின் விவரத்தை 2008இல் வெளியிட்டார். ஸ்டீராய்டின் கெடுதலைச் சரிசெய்யக் கொடுத்த மருந்து ஸ்டீராய்டையே வெளியேற்றிய கதை இது.

முறையான ஆய்வு 2015இல் வெளியானது. 460 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கட்டி முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ மறைந்தது. மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களில் அது 4 விழுக்காடு மட்டுமே. பணம் கொடுத்தது அந்த மருந்தைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெற்று மருந்துக் குழுவோடு, குழந்தை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாதவர்களே புகைப்படங்களை மதிப்பிட்ட ஆய்வு அது.

உங்கள் தங்கை மகன் கதையை நான் மறுக்கவில்லை, அண்ணாச்சி. பெரும்பாலான கட்டிகள் நான்கு வயதுக்குள் வற்றிவிடுகின்றன. ஆனால் மருந்தில்லாமல் வற்றியவற்றைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்போ, தொளதொளத்த தோலோ, சிவந்த மெல்லிய இரத்தக்குழாய்க் கோடுகளோ தங்கிவிட்டன. உச்சந்தலையில் முடி மறைத்துவிடும். இமையில் எது மறைக்கும்?

பேட்டை_மருந்தாளுநர்:

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து சில சொற்கள். ஆபத்து மருந்தில் இருப்பதைவிட அளவில்தான் அதிகம்.

குழந்தைகளுக்கென்றே இதைத் திரவமாகத் தயாரிக்கிறார்கள். அது கிடைக்காத இடங்களில் மாத்திரையைப் பொடித்து, எடைக்கு ஏற்பப் பிரித்துப் பொட்டலமாகக் கட்டித் தருவது நடைமுறை. கணக்கைப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று தொடங்கினால் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம். இரு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 2 மில்லிகிராம். அதாவது 10 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கு. கடையில் அதே பெயரில் 40 மில்லிகிராம் மாத்திரையும் இருக்கிறது. அட்டை மாறிவிட்டால் ஒரே வேளையில் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். நகைக்கடையில் பொடித்தங்கத்தை நிறுப்பவரின் கவனம் இதற்கு வேண்டும். கல்லிடை அண்ணாச்சி, உங்கள் மனைவியின் மாத்திரை டப்பாவும் குழந்தையின் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. அந்த மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் யோசனை யாருக்கும் வரவும் கூடாது.

வயிறு நிறையப் பால் குடித்த பிறகே மருந்து. இது பத்தியம் போலச் சொல்லும் சம்பிரதாயம் அல்ல. இந்த மருந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. அதோடு, சர்க்கரை இறங்கும்போது உடம்பு காட்டும் படபடப்பு என்ற எச்சரிக்கையையும் மறைத்துவிடும். ஆகவே பால் குடிக்காத வேளையில், வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில், அந்த வேளை மருந்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது ஒன்பது மணி நேரம் இருக்கட்டும். மருந்தைத் துப்பிவிட்டால், எவ்வளவு உள்ளே போயிற்று என்று ஊகித்து மறுபடி கொடுக்க வேண்டாம்.

மெல்லிய, சிறிய தடிப்புகளுக்கு, கண்ணழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்தையே தோலின் மேல் தடவச் சொல்வதும் உண்டு. சொட்டு மருந்துதானே என்று தாராளமாகத் தடவக் கூடாது. தோல் வழியாக அதுவும் இரத்தத்தில் கலக்கிறது.

சேரன்மாதேவி_அம்மா:

பெயர் முதலில் என்று தென்காசித் தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்குப் பிறக்கும்போதே கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்ற வீக்கம். ஓர் இடத்தில் அதையும் ‘ஹெமாஞ்சியோமா’ என்று சீட்டில் எழுதி, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இதே புரோப்ரனலாலை நான்கு மாதம் கொடுத்தார்கள். அணுவளவும் குறையவில்லை. ஒரு சளிக் காய்ச்சலில் அது இரண்டே நாளில் இரு மடங்காகி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. வெளியூரில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் அது இரத்தக்குழாய்க் கட்டியே அல்ல, நிணநீர்க் குழாய்களின் அமைப்புக் கோளாறு என்று தெரிந்தது.

மயக்கம் கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டு, பிளியோமைசின் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முதல் வாரம் வீங்கிப் பிறகு மெல்ல வற்றியது. பிளியோமைசின் போடும் நாளில் தோலில் ஒட்டும் பட்டைகளைப் பிய்த்தெடுத்தால் அந்த இடம் கருத்து நிரந்தரக் கறையாகிவிடும் என்று செவிலியர் முன்கூட்டியே சொன்னார்; சொல்லாதிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் மொத்த அளவையும் கணக்கு வைத்தார்கள். இன்று அவனுக்கு ஏழு வயது. சட்டைக் காலருக்குக் கீழே ஒரு மெல்லிய மேடு மட்டும் இருக்கிறது.

வீக்கத்தைவிட என்னை வாட்டியது வேறு. நான் கர்ப்பமாக இருந்தபோது எதையோ பார்த்துப் பயந்ததால்தான் என்று என் மாமியார் சாகும்வரை நம்பினார். இதற்கு மருத்துவத்தில் என்ன பதில், தம்பி?

தென்காசிச்_சாரல்:

அக்கா, அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. நிணநீர்க் கோளாறுகள் பெரும்பாலானவற்றில் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அந்த மாற்றம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதில்லை. கரு உருவான பிறகு, பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில் ஏதோ ஒன்றில் நேர்ந்த எழுத்துப்பிழை. அந்த ஒன்றிலிருந்து கிளைத்த உயிரணுக்களில் மட்டுமே அது இருக்கும். வீக்கத்தின் திசுவை எடுத்துச் சோதித்தால் தெரியும் மாற்றம், அதே பிள்ளையின் இரத்தத்தில் பெரும்பாலும் தெரியாது. நீங்கள் பார்த்ததோ பயந்ததோ உண்டதோ இதற்குக் காரணம் ஆக முடியாது.

முகத்தில் திராட்சை ரசம் கொட்டியது போலப் படரும் கறையிலும் இதே கதைதான். சோவியத் தலைவர் கோர்பச்சேவின் நெற்றியில் இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2013இல் வெளியான ஆய்வில், அத்தகைய கறை மட்டும் உள்ளவர்கள் 13 பேரில் 12 பேரிடமும், மூளையும் பாதிக்கப்படும் ஸ்டர்ஜ்-வெபர் நோயாளிகள் 26 பேரில் 23 பேரிடமும், ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் ஒரே மாற்றம் கிடைத்தது. இந்தக் கறைக்குப் புரோப்ரனலால் பயன்படாது. சாய லேசர்தான் முதல் வழி. நெற்றியிலும் இமையிலும் கறை இருந்தால் கண்ணழுத்தத்தைப் பார்ப்பது கட்டாயம்.

மரபணு தெரிந்ததால் கிடைத்த லாபம் மருந்து. பிஐகே3சிஏ பிழையானால் எம்டார் என்ற வளர்ச்சிச் சமிக்ஞை அணையாமல் எரிகிறது. அந்தச் சமிக்ஞையை அடக்கும் சிரோலிமஸ், ஈஸ்டர் தீவில் 1964இல் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து சுரேன் சேகலின் குழு பிரித்தெடுத்தது. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு அது பழைய மருந்து. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் சிக்கலான கோளாறுகள் உள்ள 61 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு ஓரளவு பலன் இருந்தது. ஒருவருக்குக்கூட நோய் முழுவதும் மறையவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை விழுங்கி இரத்தக்கசிவை உண்டாக்கும் ‘கபோசி வடிவக் கட்டி’ என்ற அரிய இரத்தக்குழாய்க் கட்டிகளில் மட்டும் அதன் பலன் உயிர் காக்கும் அளவுக்குச் செல்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து ஆதலால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருத்துவரைக் கேளாமல் போடக் கூடாது.

பிஐகே3சிஏவை நேரடியாக அடக்கும் அல்பெலிசிப் மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. பாரிசில் மருத்துவர் கியோம் கனோ 19 நோயாளிகளுக்குக் கொடுத்து 2018இல் வெளியிட்ட முடிவுகள் வியக்கத்தக்கவை. அந்த மரபணுப் பிழையால் உறுப்புகள் மிகையாக வளரும் நோய்க்கு, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக, 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. வளரும் பிள்ளைகளிடம் அதன் நீண்டகால விளைவைக் காலம்தான் காட்ட வேண்டும். மரபணுச் சோதனை செய்யாமல் கேட்கக்கூடிய மருந்தும் அல்ல.

நாங்குநேரி_ஏரிக்கரை:

சரி தம்பி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 460 பேர் ஆய்வை ஒரு நண்பர் துணையோடு படித்துப் பார்த்தேன். உயிருக்கோ கண் போன்ற உறுப்பின் செயலுக்கோ ஆபத்தான கட்டிகள் உள்ள குழந்தைகளை அதில் சேர்க்கவே இல்லை. அப்படியானால் கண்ணிமைக் கட்டிக்கு அந்த 60 விழுக்காடு எப்படிப் பொருந்தும்?

தென்காசிச்_சாரல்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், அண்ணாச்சி. கண் மறைந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வெற்று மருந்து கொடுத்து ஆறு மாதம் வேடிக்கை பார்ப்பது அறமாகாது என்பதால்தான் சேர்க்கவில்லை. ஆகவே இமைக் கட்டிக்கான சான்று குலுக்கல் ஆய்விலிருந்து வந்தது அல்ல. மருத்துவமனைகள் தொடர்ந்து பதிந்துவந்த நோயாளிகளின் தொகுப்பிலிருந்து வந்தது. அந்த 60 என்ற எண்ணை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்பதை ஏற்கிறேன்.

இதயத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கும் ஒரு செய்தி உண்டு. புரோப்ரனலால் என்பது இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. இதயத்தைத் தொடுவது அவற்றில் ஒன்றுதான். மற்றது கட்டியின் மூல உயிரணுக்களில் உள்ள சாக்ஸ்18 என்ற புரதத்தைத் தடுக்கிறது என்று பாஸ்டன் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அதை மட்டும் பிரித்து மருந்தாக்க முடிந்தால் நீங்கள் கேட்கும் கேள்வியே எழாது. இன்றைக்கு அது எலிகள் அளவில்தான் நிற்கிறது. சீனாவில் 377 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், அதே குடும்பத்து மருந்தும் மூச்சுக்குழலை அவ்வளவாகத் தொடாததுமான அட்டினலாலும் ஏறத்தாழ அதே பலனைத் தந்திருக்கிறது.

ஆற்றங்கரை_கல்லிடை:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். செவிலி அம்மா எழுதிய மறுநாளே கிளம்பினோம். கண் மருத்துவர் பார்வைப் பாதை மறையத் தொடங்கிவிட்டது என்றார். இதய ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. மருத்துவமனையில் சேர்த்து முதல் வேளை கொடுத்து, இரண்டு மணி நேரம் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை அளவைக் கூட்டும்போதும் அப்படியே பார்த்தார்கள். மூன்றாம் நாள் நிறம் மங்கியது. இன்று காலை தொட்டிலில் கிடந்தபடி இரண்டு கண்ணாலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை முக்கால் பங்கு திறக்கிறது. நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி வைக்க வேண்டியிருக்குமா என்பதை அடுத்த மாதம் முடிவு செய்வார்களாம். மனைவியின் மாத்திரை டப்பா இப்போது மச்சில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். இரவில் கைகால் சில்லென்று இருக்கிறது, தூக்கத்திலும் அடிக்கடி சிணுங்குகிறாள். நிறுத்திவிடலாமா?

பாளை_செவிலி:

நிறுத்த வேண்டாம், அண்ணாச்சி. சில்லிப்பும் தூக்கக் கலைவும் இந்த மருந்தில் அடிக்கடி காண்பவைதான். காலுறை போட்டுவிடுங்கள், இரவு வேளையைச் சற்று முன்னதாக மாலைக்கு நகர்த்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் உடம்பு சில்லிட்டு வியர்த்து, எழுப்பினாலும் பாலுக்கு வாய் வைக்காமல் துவண்டு கிடந்தால், அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாரல் தொடங்கிவிட்டது. சளியோடு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அன்றைய மருந்தைக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவருடைய எண்ணை மகளின் கைப்பேசியிலும் சம்பந்தியம்மாளின் கைப்பேசியிலும் பதிந்து வைத்துவிடுங்கள்.